கொம்பு ஓணான் பார்க்கக் கடல் தாண்டிய கதை

தம்பியிடம் ஒரு எக்செல் ஷீட் இருந்தது. அதில் 64 பெயர்கள். பாம்புக்குச் சிவப்பு, ஓணானுக்குப் பச்சை, தவளைக்கு நீலம் என்று நிறம் பிரித்து, எதை எந்த ஊரில் எத்தனை மணிக்குப் பார்க்கலாம் என்பதுவரை நிரப்பி வைத்திருந்தான். இலங்கையில் 9 நாள், 4 இடம்: சிங்கராஜா, நக்கிள்ஸ் மலை, ஹோர்ட்டன் சமவெளி, நுவரெலியா. ஊட்டி அரசு கலைக் கல்லூரியில் வனவிலங்கு உயிரியல் படிக்கிற பையன், என் சித்தப்பா மகன். நான் குன்னூரில் ஒரு தேயிலை ஃபேக்டரியில் கணக்கு எழுதுகிறவன். அந்த ஷீட்டைப் பார்த்தபோது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. இன்று யாராவது அப்படி ஒன்றை நீட்டினால், முதலில் இரண்டு ஊரை அடித்துவிட்டு வா என்பேன்.

திரும்பி வந்தபோது 64-இல் 17 பார்த்திருந்தோம். அதில் 9, கடைசி மூன்று நாளில், ஒரே ஊரில்.

ஏன் இலங்கை என்று கேட்டால் இரண்டு காரணம். ஒன்று, எங்கள் குடும்பமே அங்கிருந்து வந்ததுதான். தோட்டத் தமிழரை இரு நாட்டுக்கும் பிரித்த 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தில் அப்பா இந்தியாவுக்கு எழுதிக்கொடுத்தார்; அத்தையின் வீட்டுக்காரர் சிலோன் பிரஜாவுரிமைக்கு எழுதிக்கொடுத்தார். அப்பா தலைமன்னாரில் கப்பல் ஏறி, மண்டபம் முகாமில் கிடந்து, டேன்டீ என்கிற அரசுத் தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். அத்தை நுவரெலியா பக்கத்துக் கந்தப்பளையிலேயே லயத்தில் தங்கிவிட்டார். ஆக, தங்க ஓர் இடமும் பேச ஒரு மொழியும் அங்கே இருந்தது. இன்னொன்று, கொம்பு ஓணான். மூக்கு நுனியில் கொம்பு முளைத்த செரட்டோஃபோரா என்கிற ஓணான் பேரினம் உலகத்திலேயே இலங்கையில் மட்டும்தான் உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையும் இலங்கையும் உயிரியல்காரர்கள் கணக்கில் ஒரே தொகுதி என்றாலும், பாக் நீரிணைக்கு இந்தப்புறம் அந்தக் கொம்பு இல்லை.

முதல் முறையாக வெளிநாடு போய்ப் பாம்பும் தவளையும் தேட நினைக்கிறவர்கள் போர்னியோ, கோஸ்டா ரிக்கா என்று ஆரம்பிக்கிறார்கள். தப்பில்லை. ஆனால் நமக்குப் பழகின காட்டின் பங்காளிக் காடு ஒன்றில் தொடங்கினால், கண் பாதி வேலையைத் தானே செய்துவிடும். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1868 மீட்டர், குன்னூர் சுமார் 1850. அங்கே ஹக்கல தோட்டத்தை 1861-இல் சின்கோனா பயிரிடத்தான் தொடங்கினார்கள். இங்கே நடுவட்டத்திலும் அதே சின்கோனா. ஊட்டி பக்கம் மஞ்சளாகப் பூக்கிற அந்த வெள்ளைக்காரன் முள்செடிகூட ஹோர்ட்டன் சமவெளியில் இருக்கிறது. அங்கே அதன்மேல் கன்னம் கறுத்த பச்சை ஓணான் வெயில் காய்கிறது.

பயிற்சியை வீட்டிலேயே தொடங்கினோம். இதைத்தான் அழுத்திச் சொல்ல வேண்டும். நீலகிரியில் ராத்திரியில் ஒதுக்குக்காட்டுக்குள் போக முடியாது, போகவும் கூடாது. அனுமதி இல்லாமல் போனால் வனத்துறை பிடிக்கும், அதற்கு முன்னால் காட்டுமாடு பிடிக்கும். அதனால் எங்கள் லைனுக்குப் பின்னால் இருக்கிற வேலி, தண்ணீர்த்தொட்டி, ரோட்டோர மண்சரிவு, இவ்வளவுதான் எங்கள் பள்ளிக்கூடம். ஆறு வாரம், வாரத்தில் இரண்டு ராத்திரி, ஏழு மணி முதல் எட்டரை வரை.

முதல் வாரம் ஒன்றுமே தெரியவில்லை. சத்தம் மட்டும் கேட்டது. காசு மேல் காசைத் தட்டுகிற மாதிரி ‘டிங், டிங்’ என்று ஒரு தவளை. ராவோர்கெஸ்டஸ் டின்னியென்ஸ் என்று பெயர். டின்னியென்ஸ் என்றாலே லத்தீனில் ‘கணீரென்று ஒலிப்பது’. பிறந்ததிலிருந்து இந்தச் சத்தத்தைக் கேட்டிருக்கிறேன், பூச்சி என்றே நினைத்திருந்தேன். சத்தம் வரும் இடத்துக்கு நேராக டார்ச் அடித்தால் நின்றுவிடும். அப்புறம்தான் பழகியது: இரண்டு பேர் பத்தடி தள்ளி நின்று, சத்தம் வரும் திசையை ஆளுக்கொரு கையால் காட்ட வேண்டும். இரண்டு கையும் சந்திக்கிற புல்லுக்குள் அது இருக்கும், கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக.

டார்ச்சைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடிக்க வேண்டும் என்பதும் அப்போது கற்றதுதான். இடுப்பில் வைத்துக்கொண்டு அடித்தால் கண்ணின் மினுக்கம் திரும்பி நம் கண்ணுக்கு வராது. இன்னொன்று, ஓணானைப் பகலில் தேடுவதைவிட ராத்திரியில் தேடுவது சுலபம். பகலில் மரத்தின் மறுபக்கம் நழுவிவிடும். ராத்திரியில் குச்சி நுனியில் தூங்கும், வெளிறிய வயிறு டார்ச் வெளிச்சத்தில் தனியாகத் தெரியும். வேலியில் எங்கள் ஊர் சேலியா ஓணான்கள் அப்படி வரிசையாகத் தூங்கிக்கொண்டிருந்ததைப் பார்த்தபோது, இத்தனை வருடம் இந்த வேலியோரமாகத்தானே நடந்தோம் என்றிருந்தது.

கல்லைப் புரட்டுவதற்கும் ஒரு முறை உண்டு. கல்லின் தூர விளிம்பைப் பிடித்து நம் பக்கமாகத் தூக்க வேண்டும். அடியில் ஏதாவது இருந்தால் அது எதிர்ப்பக்கம் ஓடும். கல் நமக்குக் கேடயம். பார்த்து முடிந்ததும் கல்லை இருந்த மாதிரியே வைக்க வேண்டும். கேரட் தோட்டத்து வரப்பில் அப்படி ஒரு கல்லுக்கடியில் கேடயவால் பாம்பு கிடைத்தது. மண்ணுக்குள்ளேயே வாழ்ந்து மண்புழு தின்கிற சாது. தோட்டத்தில் களைக்கொத்து பட்டால் ‘பாம்புக்குட்டி’ என்று அடித்துப் போட்டுவிடுவார்கள். அன்றைக்கு அந்தத் தோட்டக்காரரிடம் பத்து நிமிடம் பேசினோம். கேட்டுக்கொண்டார், நம்பினாரா தெரியாது.

தம்பி இருளர் கதையை அடிக்கடி சொல்வான். வடநெம்மேலியில் இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தைச் சேர்ந்த வடிவேல் கோபாலும் மாசி சடையனும் 2017-இல் ஃப்ளோரிடாவுக்குப் போனார்கள். அங்கே பெருகிவிட்ட பர்மிய மலைப்பாம்புகளைக் கண்டுபிடிக்க அமெரிக்காக்காரர்கள் திணறிக்கொண்டிருந்தார்கள். இவர்கள் முதல் 8 நாளில் 13 பிடித்தார்கள். 2023-இல் இருவருக்கும் பத்மஸ்ரீ. அவர்கள் அதற்கு முன்னால் ஃப்ளோரிடாவைப் பார்த்ததே இல்லை. தடம் பார்க்கிற கண் செங்கல்பட்டுப் பக்கம் வயல் வரப்பில் பழகியது. இந்தக் கதையை வாய் ஓயாமல் சொன்ன தம்பிதான் 64 பெயர் ஷீட்டையும் போட்டான், அது வேறு விஷயம்.

மாதம் தேர்ந்தெடுத்ததில்தான் நான் சொதப்பினேன். மார்ச் கணக்கு முடிந்தால்தான் எனக்கு லீவு. அதனால் ஏப்ரல் என்றேன். மழைக் கணக்குப்படி அது மோசமில்லை. கூடலூர் பக்கம் ஆனி ஆடியில் கொட்டுகிறது, குன்னூர் கோத்தகிரிக்கு ஐப்பசி கார்த்திகை என்று நமக்குத் தெரியுமில்லையா, அதே கணக்குதான் இலங்கைக்கும்: தென்மேற்குப் பருவம் சிங்கராஜா பக்கம், வடகிழக்கு கிழக்குச் சரிவுக்கு. ஏப்ரல் இரண்டுக்கும் நடுவில். மத்தியானம் இடி மழை, சாயங்காலம் தவளைக் கச்சேரி. ஆனால் நான் மழையை மட்டும் பார்த்தேன், காலண்டரைப் பார்க்கவில்லை. ஏப்ரல் நடுவில் சிங்கள–தமிழ்ப் புத்தாண்டு. நாடே ஊருக்குப் போய்விடும். கடை அடைப்பு, பஸ் குறைவு. நுவரெலியாவிலோ ஏப்ரல்தான் சீசன். நம்ம ஊட்டியில் மே மாதம் பூக்காட்சி நேரத்தில் ரூம் கேட்டுப் பாருங்கள், அந்தக் கதைதான். அத்தை வீடு இல்லாவிட்டால் நடுத்தெருவில் நின்றிருப்போம். எந்த நாட்டுக்குப் போனாலும் மழை வரைபடத்தோடு அந்த ஊர்ப் பண்டிகை நாட்களையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

காகித வேலை பெரிதில்லை. பாஸ்போர்ட், இணையத்தில் பயண அனுமதி. அனுமதி விதி அடிக்கடி மாறுகிறது என்பதால் அரசாங்கத் தளத்தில் மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். அசல் பாஸ்போர்ட்டைக் கையிலேயே வைத்திருந்தால் வனவிலங்குப் பூங்கா கவுண்டரில் சார்க் நாட்டினருக்கான கட்டணத்தில் விடுவார்கள். பவர் பேங்க், டார்ச் பேட்டரி எல்லாம் கையோடு கொண்டுபோகும் பையில்தான் இருக்க வேண்டும். பாம்புக் கொக்கியை வீட்டிலேயே விட்டுவிட்டோம். அதைப் பெட்டியில் வைத்துக்கொண்டு ஏர்போர்ட்டில் பதில் சொல்லும் தைரியம் எங்களுக்கு இல்லை. அதோடு அங்கே எதையும் பிடிக்கிற உத்தேசமும் இல்லை. 2024-இல் யால பூங்காவில் பூச்சிகளைப் பாட்டிலில் அடைத்து வைத்திருந்த இத்தாலிக்காரர் இருவருக்குக் கொழும்பு நீதிமன்றம் 6 கோடி ரூபாய் அபராதம் போட்டது, இலங்கைப் பணத்தில். பூச்சிக்கே அப்படி. கொம்பு ஓணான்களோ 2019-இல், நாடு விட்டு நாடு உயிரினம் விற்பதைக் கட்டுப்படுத்துகிற சைட்டிஸ் ஒப்பந்தப் பட்டியலிலும் ஏறிவிட்டன. வெளிநாட்டில் செல்லப்பிராணியாக வளர்ப்பதற்கென்று கடத்துகிறார்கள்.

நாங்கள் ஒரு மாலை முழுக்கச் செலவிட்டது பூட்ஸ் கழுவத்தான். தவளைகளைக் கொல்லும் கைட்ரிட் பூஞ்சை சேறு ஒட்டிய பூட்ஸில் நாடு விட்டு நாடு போகும். பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் அடிப்பள்ளங்களில் இருக்கிற மண்ணை எல்லாம் தோண்டி எடுத்து, பிளீச்சிங் கரைசலில் கழுவி, இரண்டு நாள் நன்றாகக் காயவைத்தோம். காய்வதுதான் முக்கியம், அந்தப் பூஞ்சைக்கு ஈரம் இல்லாவிட்டால் வாழ்வில்லை. குன்னூரில் எதையாவது காயவைப்பது எவ்வளவு பெரிய காரியம் என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். அடுப்படியில் கட்டித் தொங்கவிட்டோம், அம்மா ஏசினார்.

விஷயத்தில் முக்கியமானது விஷம். நம் ஆஸ்பத்திரிகளில் இருக்கும் விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நாலுக்கு மட்டும் வேலை செய்யும். நம் மலையின் குழிவிரியன்களுக்கும் அது உதவாது, இலங்கையின் கோப்பி விரியனுக்கும் உதவாது. கோப்பி விரியன் ஒரு சாணுக்குக் கொஞ்சம் மேலே இருக்கும், காய்ந்த இலை நிறம், மேலே தூக்கிய மூக்கு. அங்கே விஷக்கடிகளில் நிறைய இதனுடையதுதான். அதனால் முழு பூட்ஸ், கை வைக்கும் இடத்தில் முதலில் டார்ச், உட்காரும் இடத்தில் முதலில் குச்சி. கடித்தால் கட்டுப் போடாமல், கீறாமல், அந்தக் கை காலை அசைக்காமல் ஆஸ்பத்திரிக்கு. நமக்கு 108 மாதிரி அங்கே 1990 ஆம்புலன்ஸ். பெயரிலும் குழப்பம் வரும்: இலங்கைத் தமிழில் ‘புடையன்’ என்றால் கண்ணாடி விரியன். ஆகவே அறிவியல் பெயர்களைத் தமிழ் எழுத்தில் ஒரு சீட்டில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். சிங்களத்தில் இரண்டே சொல் கற்றுக்கொண்டு போனேன்: கட்டுஸ்ஸா என்றால் ஓணான், அங் என்றால் கொம்பு. இரண்டையும் சேர்த்துச் சொன்னால் ஆட்டோக்காரர்கூடச் சிரித்துவிட்டு வழி காட்டுகிறார்.

நீலகிரி எக்ஸ்பிரஸில் சென்னை, அங்கிருந்து ஒன்றேகால் மணி நேரத்தில் கொழும்பு, வியர்வை, பஸ், பஸ், மறுபடியும் பஸ். தெனியாய வழியாகச் சிங்கராஜா.

சிங்கராஜா காட்டுக்குள் வழிகாட்டி இல்லாமல் விடமாட்டார்கள், பகலில் மட்டும்தான். ராத்திரியில் காட்டுக்கு வெளியே தனியார் தோட்டங்களில் கூட்டிப்போக ஆள் இருக்கிறார்கள். இரண்டுக்கும் ஃபோனிலேயே ஒருவரை முன்பணம் கொடுத்துப் பிடித்திருந்தோம். பகலில் அருமையான ஆள். கூம்பிய தலையில் பந்து வைத்த மாதிரி மூக்குள்ள லைரியோசெஃபாலஸ் ஓணானை முப்பதடி தூரத்தில் காட்டினார். வாயைத் திறந்து உள் சிவப்பைக் காட்டி அது எங்களை மிரட்டியது. ராத்திரியில்தான் விஷயம் வேறானது. மூங்கில் ஓரம் ஒரு பச்சைக் குழிவிரியன், கறுப்புக் கோலம் போட்ட பச்சை. நாங்கள் கேமராவை எடுப்பதற்குள் அவர் ஒரு குச்சியால் அதைத் தூக்கி, வெளிச்சமான கிளையில் வைத்து, தலையை எங்கள் பக்கம் திருப்பிவிட்டார். அது இறங்கப் பார்த்தது, மறுபடி ஏற்றினார். மூன்று தடவை.

நான் படம் எடுத்தேன். அதை மறைத்துப் பிரயோஜனம் இல்லை. நல்ல படம் வேறு. தம்பி மட்டும் கேமராவைப் பையில் வைத்துவிட்டு, “அண்ணா, போதும், போலாம்” என்றான். அவரிடம் சொன்னபோது அவருக்குக் கோபம்கூட வரவில்லை. போன வாரம் வந்தவர்கள் இதைக் கேட்டுத்தான் கூடுதலாகக் காசு கொடுத்தார்கள் என்றார். நியாயம்தான், தப்பு வாங்குகிறவனிடமும் இருக்கிறது. அந்தப் படத்தை நான் யாருக்கும் அனுப்பவில்லை. இப்போதெல்லாம் வழிகாட்டியிடம் நான் கேட்கும் முதல் கேள்வி எத்தனை இனம் காட்டுவீர்கள் என்பதில்லை. தொடுவீர்களா என்றுதான் கேட்கிறேன். தயங்காமல் மாட்டேன் என்கிறவருக்குக் கூடக் கொடுக்கலாம்.

ஐந்தாம் நாள் நக்கிள்ஸுக்குக் கிளம்ப வேண்டியது. புத்தாண்டுக்கு முந்தைய கூட்டம், பஸ் ஸ்டாண்டில் நாலு மணி நேரம் நின்றோம். அங்கேதான் தம்பி ஷீட்டைத் திறந்து நக்கிள்ஸ் பக்கத்து 14 பெயர்களைத் தேர்வு செய்து டிலீட் அழுத்தினான். பாவமாக இருந்தது. கந்தப்பளை பஸ் முதலில் வந்தது, ஏறிவிட்டோம்.

அத்தை எங்களைப் பார்த்து அழுது முடித்து, ரொட்டியும் சம்பலும் வைத்து, எதற்கு வந்தோம் என்று கேட்டார். சொன்னேன். “கொம்பு ஓணானா? அதப் பாக்கவா பொஸ்தகம் எடுத்து, கப்பல் காசு கட்டி வந்தீங்க? மிலாறு பொறுக்கப் போற எடத்துல கெடக்குமே” என்றார். கவ்வாத்து வெட்டின மிலாறை விறகுக்குப் பொறுக்குகிற பெண்களுக்குத் தெரிந்தது எங்கள் ஷீட்டில் இல்லை.

மறுநாள் அத்தை கூட்டிப்போனது சீத்தாஎலிய சீதை அம்மன் கோயிலுக்கு. ஹக்கல காட்டை ஒட்டின ஓடை. கும்பிட்டுவிட்டு வெளியே வந்து, நான் செருப்பு மாட்டக் குனிந்தேன். கண் மட்டத்தில் பாசி பிடித்த ஒரு மரம். பாசியில் ஒரு துண்டு மட்டும் மூச்சு விட்டது.

செரட்டோஃபோரா ஸ்டொடார்ட்டி. ஒரு முழத்துக்கும் குறைவான தூரம். மூக்கின் நுனியிலிருந்து நேராக முன்னால் நீட்டிய வெளிறிய கொம்பு, என் சுண்டுவிரலின் நகம் வைத்த கணு அளவு. எலும்பு போல இல்லை. கொஞ்சம் வளைந்து, நுனி மழுங்கி, முருங்கைக்காய் முனை மாதிரி. உதட்டோரம் வெள்ளை. உடம்பு பழுப்பும் பச்சையுமாக மரப்பட்டையின் தொடர்ச்சி. எங்கள் ஊர் ஓணான் என்றால் இந்நேரம் தலையை ஆட்டிவிட்டு ஓடியிருக்கும். இது ஓடவில்லை. ஒரு கண் மட்டும் மெதுவாக என் பக்கம் திரும்பியது, அவ்வளவுதான். தான் யார் கண்ணுக்கும் தெரியாது என்ற நம்பிக்கையில் உட்கார்ந்திருக்கிற பிராணி. அத்தை பக்கத்தில் நின்று திருநீறு பூசிவிட்டார், எனக்கு. கண்ணை மூட மனசில்லாமல் வாங்கிக்கொண்டேன்.

ஒன்றைப் பார்த்த பிறகு கண்ணுக்கு வடிவம் பிடிபட்டுவிட்டது. அன்று ராத்திரி தோட்டத்துத் துரையிடம் சொல்லி, வாட்சரோடு, காடு தொடுகிற ரோட்டில் மட்டும் நடந்தோம். அங்கே கரடியும் காட்டுமாடும் இல்லை, ஆனால் சிறுத்தை உண்டு. தனியாகப் போக அத்தை விடவில்லை. 200 மீட்டருக்குள் தூங்குகிற கொம்பு ஓணான் நாலு. விரல் நீளமே இருக்கிற, வாலால் குச்சியைச் சுற்றிக்கொள்ளும் கொஃபோடிஸ் ஓணான் ஒன்று. அது முட்டையிடாமல் குட்டி போடும். மழை விட்டதும் சூடோஃபிலாட்டஸ் தவளைகள். அவற்றுக்குத் தலைப்பிரட்டைப் பருவமே கிடையாது, முட்டைக்குள்ளிருந்து நேராகக் குட்டித் தவளைதான். எங்கள் ‘டிங் டிங்’ தவளையும் அப்படியே. காலையில் அத்தையின் லீக்ஸ் பாத்தி ஓரம் குப்பையைக் கிளறியபோது அஸ்பிடூரா என்கிற சின்னப் பாம்பு. அதுவும் மண்புழு தின்கிற சாது, அதையும் அங்கே பாம்புக்குட்டி என்று அடிக்கிறார்கள்.

தவளையைப் பற்றி ஒன்று: அட்டைக்காக நாம் காலில் பூசுகிற மருந்து, கையில் தடவுகிற சானிடைசர், இவை தவளையின் தோலுக்கு விஷம். அட்டைச் சாக்ஸும் அத்தை கொடுத்த சோப்புக்கட்டியும் எங்களுக்குப் போதுமாக இருந்தன. கையை எப்படியும் பைக்குள்தான் வைத்திருந்தோம்.

உயிரினங்களைப் பார்த்ததைப் பதிகிற ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் படங்களை ஏற்றும்போது கொம்பு ஓணானின் இடத்தை மறைத்தே போட்டோம். ஃபோன் தானாகவே படத்தில் இடத்தைப் பதிந்துவிடும், அதைப் புறப்படும் முன்பே நிறுத்தி வைக்க வேண்டும். அந்தக் கோயில் மரத்தை நான் இங்கே எழுதிவிட்டேனே என்று கேட்கலாம். தினமும் நூறு பேர் செருப்பு கழற்றுகிற இடம். ஆள் நடமாட்டமே அதற்குக் காவல். ரோட்டோரத்து நாலின் இடத்தைச் சொல்லமாட்டேன்.

போன மாதம் அத்தையின் பேரன் வாட்ஸப்பில் கூப்பிட்டான். அவனுக்குச் சேலியா ஓணான் பார்க்க வேண்டுமாம், என் அப்பா வந்து இறங்கின ஊரையும் பார்க்க வேண்டுமாம். ஐப்பசியில் வா, தீபாவளி வாரத்தை விட்டுவிட்டு வா, பூட்ஸைக் கழுவிக் காயவைத்துக் கொண்டு வா என்று எழுதி அனுப்பினேன். எல்லாவற்றையும் படித்துவிட்டு ஒரே கேள்வி கேட்டான்: “அங்க சிறுத்தை இருக்கா மாமா?”

“இருக்கு. அது பரவால்ல, ஓரமா போயிரும். காட்டுமாடுதான் வழி விடாது.”

லீவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டானாம். தம்பி அவனுக்கு ஒரு ஷீட் தயார் பண்ணிக்கொண்டிருக்கிறான். ஏழு பெயர்தான் என்கிறான். நான் இன்னும் திறந்து பார்க்கவில்லை.